கரையோரப் பூர்வீகக் குடிப் பிள்ளைகளுக்குப் போதைத் தடுப்புத் திட்டத்தைப் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூரைத் தாண்டி ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கமாகக் கடலோரத்திலும் களப்போரத்திலும் இருக்கும் பூர்வீகக் குடி ஊர்களில், 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளோடு போதைத் தடுப்பு வேலை செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறோர் இடத்தில் உருவான திட்டமொன்றை எடுத்து, அதன் பலன் கெடாமல் இந்த ஊருக்கு ஏற்ப மாற்றி நடத்துவதுதான் வேலை. திட்டம் நல்லதாக இருந்தும் படிகளின் ஒழுங்கு பிழைத்ததால் வீணாய்ப்போன முயற்சிகளைக் கண்டிருக்கிறேன். அவற்றில் சில என் கையால் நடந்தவை. ஆகையால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. ஊருக்குள் கால் வைக்குமுன் தேவையானவை

முதலாவது, காலம். முதல் அமர்வுக்கு நான்கு அல்லது ஐந்து மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும். "டிசம்பருக்குள் காசை முடிக்க வேண்டும்" என்று ஒக்டோபரில் வருகிறவர்களால் ஒருநாள் கருத்தரங்கு மட்டுந்தான் வைக்க முடியும். அப்படியான நிலையில் இருந்தால் இந்த வேலையைத் தொடாமல் விடுவதே நல்லது.

இரண்டாவது, ஊரைச் சேர்ந்த இரண்டு பேர்: ஓர் அண்ணா, ஓர் அக்கா. இருபது வயதைத் தாண்டியவர்களாக, பிள்ளைகள் பயமில்லாமல் கதைக்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் கட்டாயம் சம்பளம் கொடுங்கள். தொண்டராக வா என்று கேட்டால், கரைவலைக்குப் போகும் நாளில் அவரால் வர முடியாது. அது அவருடைய குற்றமும் அல்ல.

மூன்றாவது, உதவிக்கு அனுப்பும் வழி. பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு ஆகிய இடங்களில் யாரோடு கதைப்பது என்பதை நேரில் போய் அறிந்து வையுங்கள். முதல் அமர்விலேயே ஒரு பிள்ளை வாய்திறந்து தன் வீட்டுக் கதையைச் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு இலக்கம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பதாகை, தொப்பி, ரீசேர்ட் எதுவும் தேவையில்லை. ஊர்ப் பெயரோடு "போதை" என்ற சொல்லை எழுதித் தூக்கிப் பிடிக்கும் பதாகை அந்த ஊருக்கு ஒரு கெட்ட பெயரைத்தான் விட்டுப்போகும்.

2. அனுமதி: முதலில் பெரியவர்கள், பிறகு அலுவலகங்கள்

புதியவர்கள் வழமையாகச் செய்வது பிரதேச செயலகத்தில் கடிதம் வாங்கி, கிராம உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு, வாகனத்தில் ஊருக்குள் போவது. கடிதம் தேவைதான். ஆனால் அது இரண்டாவதாக வரட்டும். காட்டுக்குப் போய்த் தேன் எடுத்தவர்களும் களப்பில் வலை போட்டவர்களும் சீருடையையும் குறிப்புப் புத்தகத்தையும் கண்டு ஒதுங்கப் பழகியவர்கள். வாகனத்தில் அதிகாரியோடு இறங்கினால், நீங்கள் கசிப்பு (கள்ளச் சாராயம்) பிடிக்க வந்தவர் என்றே ஊர் நினைக்கும். அந்த எண்ணத்தை மாற்றப் பல மாதம் வேண்டும்.

சடங்கை நடத்தும் பெரியவர், மீனவர் சங்கத் தலைவர், மாதர் சங்கத்தில் சொல் எடுபடும் ஓர் அம்மா ஆகிய மூவரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். வெற்றிலை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். போடாவிட்டாலும் கையில் வைத்திருங்கள். முதல் நாள் திட்டத்தைப் பற்றி விரிவாகப் பேசாமல், "பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை ஐயா?" என்று மட்டும் கேளுங்கள். போதை முதற்கவலையாக வராமல் போகலாம். பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது, மாலை நேரத்தில் போக்கிடம் இல்லாதது, வேலை தேடிக் கொழும்புக்குப் போகிறவர்கள் என்று கதை போகும். அது திசைமாறிய பேச்சு என்று நினைக்க வேண்டாம். தடுப்புத் திட்டம் எதில் வேரூன்ற வேண்டும் என்பதை அவர்கள் சொல்லித் தருகிறார்கள்.

பூர்வீக மக்களின் உரிமைகள் பற்றி 2007 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பிரகடனம், அவர்களைப் பாதிக்கும் விடயங்களில் முன்கூட்டியே விளக்கி, நெருக்காமல், விருப்பம் கேட்கச் சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள் "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு உண்மையான வழி விடுவது. "யோசிச்சுச் சொல்லுறம்" என்று பெரியவர் சொன்னால், அடுத்த கிழமை திரும்பிப் போங்கள். கையெழுத்துத் தாளை அன்றைக்கே நீட்ட வேண்டாம். தரவு யாருடையது, எங்கே இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். கனடாவின் முதற்குடி மக்கள் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கு சொல்லில் இதைத் தங்கள் விதியாகவே வைத்திருக்கிறார்கள். படமெடுப்பதும் இதற்குள் அடங்கும்.

ஊர் சம்மதித்த பிறகு கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பாடசாலையில் நடத்துவதென்றால் வலயக் கல்வி அலுவலகம் என்று போங்கள். கடைசியாகப் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு என்பதை மறக்காதீர்கள்.

3. பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்

சின்னப் படிதான், ஆனால் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சில குடும்பங்கள் தங்களை வேடர் என்று பெருமையோடு சொல்லும். சிலர் பூர்வீகக் குடி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் "வேடன்" என்று கேலிபட்ட பிள்ளைக்கு அதே சொல் காயம். எந்தச் சொல்லைச் சபையில் பாவிக்கலாம் என்று பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருக்காது. பிள்ளைகளின் பதிலையே அமர்வில் பின்பற்றுங்கள்.

இந்த ஊர்களில் மற்ற ஊர்களைவிடப் பாவனை கூட என்ற முன்முடிவோடும் போகாதீர்கள். அந்த நினைப்பு உங்கள் கேள்விகளில் தெரியும், பிள்ளைகள் அதை உடனே பிடித்துவிடுவார்கள்.

4. பொருள் எந்தக் கையால் வருகிறது என்று அறிதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் படியை எடுங்கள். வெளித் திட்டங்கள் பெரும்பாலும், முன்பின் தெரியாத ஒருவனோ வகுப்பு நண்பனோ பிள்ளைக்குப் பொருளை நீட்டுவதாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். இங்கே பல தடவை நீட்டுவது மாமா, சித்தப்பா, மச்சான்.

வெற்றிலையோடு புகையிலைத் துண்டைக் கொடுப்பது அம்மம்மாவாக இருக்கலாம். "தம்பி, ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கி வா" என்று கடைக்கு அனுப்புவது அப்பாவாக இருக்கலாம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையோ மதுவோ விற்பது குற்றம். அது எழுதப்பட்ட சட்டம். கடைக்காரருக்கோ அவன் இன்னாரின் மகன், அவ்வளவுதான்.

இதை அறியச் சிறு குழுக்களாக இருந்து கதையுங்கள்: பெடியள் தனியாக, பெண்பிள்ளைகள் தனியாக, தாய்மார் தனியாக. "நீ பாவிச்சிருக்கிறியா?" என்று யாரையும் கேட்கக் கூடாது. "உங்கட வயசுப் பிள்ளைக்கு இது முதன்முதல் எப்ப, எந்த இடத்தில கிடைக்கும்?" என்று கேளுங்கள். கல்யாண வீடு, மரண வீட்டு இரவு, கரைவலை முடிந்த நேரம், திருவிழாக் கூட்டம், தேனுக்குப் போய்த் தங்கும் இரவு என்று சந்தர்ப்பங்கள் வரும். அவற்றைத் தாளில் எழுதுங்கள்.

இங்கே நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஊர் வரைபடம் வரையச் சொல்லி, விற்கும் இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னேன். பயிற்சிக் கைநூலில் அப்படித்தான் இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி தாளை நாலாய் மடித்துத் துடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, முடியும்வரை தலை நிமிரவில்லை. அவளுடைய வீட்டில்தான் கசிப்பு விற்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தகப்பன் இல்லாத வீடு, தாய்க்கு அதுதான் வருமானம். அடுத்த அமர்வுக்கு அவள் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டையும் ஆளையும் கேட்பதில்லை, சந்தர்ப்பத்தை மட்டுந்தான் கேட்கிறேன். நீங்களும் வரைபடத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் பெயர் சொல்லாத பொருளை நீங்கள் அறிமுகப்படுத்த வேண்டாம். அவர்கள் பீடி, புகையிலை, கள்ளு, கசிப்பு என்று நின்றால் அதோடு நில்லுங்கள். ஐஸ், தூள், குளிசை என்று அவர்களே கதைத்தால் மட்டும் அதையும் சேருங்கள். பத்து விதப் பொருளின் படத்தோடு ஒரு சுவரொட்டி கொண்டுபோனால் அது விளம்பரமாகத்தான் முடியும்.

5. மூலத் திட்டத்தைத் தெரிவு செய்தல்

சந்தர்ப்பங்கள் கையில் வந்த பிறகுதான் திட்டத்தைத் தேட வேண்டும். முதலில் திட்டத்தை எடுத்துவிட்டு ஊரை அதற்குள் திணிப்பது மிகப் பொதுவான பிழை.

எவை வேலை செய்யாது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018 இல் வெளியிட்ட சர்வதேசத் தடுப்புத் தரங்களின் இரண்டாம் பதிப்பு இவற்றை வரிசைப்படுத்துகிறது: தனி விரிவுரை, பயமுறுத்தல், முன்பு பாவித்தவரைக் கூட்டிவந்து கதை சொல்லவைத்தல், பொலிசாரைக் கொண்டு பாடம் நடத்துதல். நம் ஊர்களில் நடக்கும் பெரும்பாலான "விழிப்புணர்வு" இந்த நாலில் ஒன்றாகவோ நாலுமாகவோ இருக்கிறது. அழுகிப்போன நுரையீரலின் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் ஒரு நிமிடம் முகம் சுளிப்பார்கள். பிறகு, எழுபது வயதிலும் சுருட்டுப் பிடித்துக்கொண்டு வலை பொத்தும் தங்கள் தாத்தாவை நினைப்பார்கள். அதோடு உங்கள் பேச்சு பொய்யாகிவிடும்.

பலன் தரக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, வாழ்க்கைத் திறன்களைப் பழக்கும் அமர்வுத் தொடர். அது வழமையாகக் கிழமைக்கு ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள், பிறகு நினைவூட்டும் அமர்வுகள் என்று போகும். மற்றது, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து நடத்தும் குடும்பத் திட்டம். இதில் பெயர்பெற்றது 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கானது: ஏழு கிழமை, ஒவ்வொரு கிழமையும் ஒரு மணிநேரம் பெரியவர்களும் பிள்ளைகளும் வேறுவேறாக, அடுத்த மணிநேரம் ஒன்றாக. நீட்டுவது உறவுக்காரர் என்று நாலாம் படியில் தெரிந்தால், குடும்பத் திட்டத்தின் பக்கம் சாயுங்கள். பிள்ளையை மட்டும் பழக்கி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

மற்றப் பூர்வீக மக்கள் செய்ததையும் ஒருமுறை பாருங்கள். வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்கள் இதே குடும்பத் திட்டத்தை எடுத்துத் தங்கள் மொழிப் பெயரோடும் தங்கள் வழக்கங்களோடும் மாற்றி எழுதினார்கள். அரிசோனாவில் 'கீப்பின் இட் ரியல்' என்ற பாடசாலைத் திட்டம், நகரத்தில் வாழும் அமெரிக்கப் பூர்வீகக் குடிப் பிள்ளைகளுக்காக 'லிவிங் இன் டூ வேர்ல்ட்ஸ்' என்று மாறியது. அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் வெளித் திட்டம் எதையும் எடுக்காமல், பெரியவர்களின் அறிவிலிருந்தே 'குங்காஸ்விக்' என்ற கருவிப் பெட்டியை உருவாக்கினார்கள். வாஷிங்டன் மாநிலக் கரையின் சுக்குவாமிஷ் மக்கள் தங்கள் வள்ளப் பயணத்தையே வாழ்க்கைக்கு உவமையாக எடுத்தார்கள்.

அந்த வள்ளத்தை அப்படியே தூக்கி வெருகலுக்குக் கொண்டுவர வேண்டாம். இவர்களுக்கும் கடல் இருக்கிறது என்பதற்காக அந்த உவமை இவர்களுடையதாகிவிடாது. அங்கிருந்து எடுக்க வேண்டியது, யார் பேனா பிடித்தார்கள் என்பதைத்தான்.

6. தொடக் கூடாததையும் மாற்ற வேண்டியதையும் பிரித்தல்

திட்டத்தின் கைநூலை எடுத்து, ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் பக்கத்தில் "இது எதைச் செய்கிறது?" என்று எழுதுங்கள். மறுக்கப் பழகுதல், ஆத்திரத்தை அடக்குதல், பெற்றோர் விதி வைத்துப் பின்தொடர்தல், "எல்லாரும் பாவிக்கிறார்கள்" என்ற பிழையான நினைப்பைத் திருத்துதல் போன்றவை திட்டத்தின் உயிர். இவற்றை நீக்கக் கூடாது. அமர்வுகளின் எண்ணிக்கை, ஒத்திகை பார்ப்பதற்கான நேரம் இரண்டையும் குறைக்கக் கூடாது. பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிருந்து பழகுவதில்லை, செய்து பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

பெயர், படம், கதை, விளையாட்டு, இடம், நடத்துகிறவர், அமர்வின் நேரம், உவமைகள் எல்லாவற்றையும் மாற்றலாம்.

பத்து அமர்வை இரண்டு நாள் முகாமாகச் சுருக்குவது அடிக்கடி நடக்கிறது. "தூர ஊர், திரும்பத் திரும்பப் போக முடியாது" என்று காரணம் சொல்வார்கள். ஒரு கிழமையில் பழகியதை அடுத்த கிழமை வாழ்க்கையில் பார்த்துவிட்டு வந்து கதைப்பதுதான் அந்த இடைவெளியின் பயன். அதை எடுத்துவிட்டால் திட்டத்தின் பெயர் மட்டுமே மிஞ்சும்.

7. சட்டையை மாற்றினால் போதாது

பொது சுகாதாரத்தில் இதை மேலமைப்பு, ஆழமைப்பு என்று பிரிப்பார்கள். 1999 இல் கென் ரெஸ்னிக்கோவும் கூட இருந்தவர்களும் எழுதிய பிரிப்பு அது. படங்களில் நம் ஊர் முகம், நம் சாப்பாடு, நம் உடுப்பு என்பது மேலமைப்பு. பிள்ளை யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறான், எதைச் செய்தால் மரியாதை கெடும், எதை நோய் என்றும் எதைத் தெய்வக் குற்றம் என்றும் நினைக்கிறார்கள் என்பது ஆழமைப்பு. முதலாவது பிள்ளையைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இரண்டாவதுதான் அவனை மாற்றும்.

மேலமைப்பிலேயே பிழைவிடுகிறவர்களும் உண்டு. தம்பானையில் இருக்கும் வேடர் பெரியவர்களைப் போல, தாடியும் தோளில் கோடரியுமாக ஒருவரை வரைந்து, கரையோரப் பிள்ளைகளுக்கான அட்டையில் போட்டு வருவார்கள். தம்பானை பதுளை மாவட்டத்தில், மகியங்கனைப் பக்கம் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைக்கு வீட்டுமொழி தமிழ், தகப்பன் சாரம் கட்டி வலை போடுகிறவர். அந்தப் படத்தைக் கண்டால் அது தன்னைப் பற்றியதல்ல என்று நினைப்பான், அல்லது கூச்சப்படுவான். படம் வரைவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

8. மொழி

வேறொரு மொழியில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கைநூல் அலுவலகத் தமிழில் இருக்கும். "அபாயகர ஔடதம்", "சகபாடி அழுத்தம்", "தீர்மானமெடுத்தல் திறன்" என்று வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஊர் அண்ணாவும் அக்காவும் ஒவ்வோர் அமர்வையும் தங்கள் வாய்ப் பேச்சில் சொல்லட்டும், அதை ஒலிப்பதிவு செய்து அப்படியே எழுதுங்கள். சகபாடி அழுத்தம் "கூட்டாளி இழுக்கிறது" ஆகும். பிறகு அந்த எழுத்தை மூல நூலோடு ஒப்பிட்டு, ஆறாம் படியில் குறித்த உயிர் எதுவும் விடுபட்டதா என்று பாருங்கள்.

9. காட்சிகளைத் திருப்பி எழுதுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். நாலாம் படியில் கிடைத்த சந்தர்ப்பங்களில் ஏழெட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் நடிக்கக் கூடிய சிறு காட்சியாக ஆக்குங்கள்.

அரிசோனாத் திட்டம் மறுக்கும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது: மறுத்துச் சொல், காரணம் விளக்கு, அந்த இடத்துக்குப் போகாதே, எழுந்து விலகு. கைநூல்களில் முதலாவதுக்கே பெரிய இடம். கண்ணைப் பார்த்து, நிமிர்ந்து நின்று, "வேண்டாம்" என்று சொல்லப் பழக்குவார்கள். இதை அப்படியே நடத்திப் பார்த்தோம்.

கரைவலை இழுத்து முடிந்த நேரம். மாமாவாக நடித்தவன் போத்தலை நீட்டி, "மருமகன், இந்தா ஒரு வாய். குளிருக்கு நல்லம்" என்றான். மற்றவன் கைநூலைப் பார்த்து, "வேண்டாம் மாமா, அது என் உடல்நலத்துக்குக் கேடு" என்று வாசித்தான். கூடியிருந்த பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் இருந்தவன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "இப்பிடிச் சொன்னா நாளைக்கு மாமா வலைக்குக் கூப்பிட மாட்டார்."

வலைக்குக் கூப்பிடாவிட்டால் பங்கு இல்லை, அன்றைக்கு வீட்டில் கறி இல்லை. மரியாதையும் போகும், உறவும் போகும். இத்தனையையும் இழந்துவிட்டு மறு என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறது அந்தக் கைநூல்.

"அப்ப நீ என்ன செய்வாய்?" என்று அவனைக் கேட்டேன். எழுந்து வந்து, போத்தல் நீட்டுமுன்னே மீன் கூடையைத் தூக்கினான். "அம்மா கறிக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறா மாமா, குடுத்திட்டு வாறன்." அவ்வளவுதான், போய்விட்டான். மாமாவுக்கும் மனத்தாங்கல் இல்லை. விலகுதல் என்று கைநூல் சொன்னது அதைத்தான். ஆனால் அந்தக் கூடையை எங்களால் எழுதியிருக்க முடியாது.

ஹவாயில் பூர்வீகப் பிள்ளைகளுக்கான 'ஹோஓனா போனோ' என்ற திட்டத்தை உருவாக்கியவர்களும் இதே முடிச்சைத்தான் கண்டார்கள். பொருளை நீட்டுவது ஒன்றுவிட்ட அண்ணன், மாமன், முகத்துக்கு நேரே மறுத்தால் உறவு முறியும் என்பதால், பிள்ளைகள் சொன்ன சந்தர்ப்பங்களையே காட்சிகளாக்கிப் பழக்கினார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். விலகுதலையும் தவிர்த்தலையும் முதலில் வையுங்கள். முகத்துக்கு நேரே மறுப்பதைக் கூட்டாளிகளுக்கும் அந்நியருக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது செல்லும். ஒவ்வொரு காட்சியிலும் பிள்ளை நிஜமாகச் சொல்லக் கூடிய ஒரு வசனம், கையால் செய்யக் கூடிய ஒரு வேலை இரண்டையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கு வேறு காட்சிகள் தேவைப்படும். குடித்துவிட்டு வருகிற தகப்பன், அடுக்களையில் தம்பி தங்கை, இரவில் எந்த வீட்டுக்குப் போவது என்பதுதான் அவர்கள் கேட்பது. அதை "தலைப்புக்கு வெளியே" என்று ஒதுக்காதீர்கள்.

சமாந்தரமாகப் பெரியவர்களின் குழுவிலும் அதே காட்சியை நடியுங்கள், மாமாவின் பக்கத்திலிருந்து. பிள்ளை கூடையைத் தூக்கினால் அவனை மறிக்காமல் விடுவது, கடைக்குப் பிள்ளையை அனுப்பாமல் தானே போவது ஆகிய இரண்டை மட்டும் கேட்டால் போதும். குடியை விடு என்று கேட்டால் அடுத்த அமர்வுக்கு ஆள் இருக்காது.

10. சடங்கும் தெய்வமும்

சடங்கை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். பாட்டு, ஆட்டம், உரு வருதல் எதையும் "கலாசார நிகழ்ச்சி" என்று நேரசூசியில் போட உங்களுக்கு உரிமை இல்லை. பெரியவர் தாமாகச் சொன்னால், சொன்ன அளவுக்கு மட்டும்.

சடங்கில் மது படைக்கும் வழக்கம் இருந்தால் புதியவர் தடுமாறுவார். அதைக் குறைசொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். "சடங்குக்கு எடுக்கிறதுக்கும் சும்மா குடிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம் ஐயா, பிள்ளைகளுக்குச் சொல்லித் தாங்கோ" என்று பெரியவரிடமே கேளுங்கள். நோன்பு, துடக்கு, எத்தனை நாள் சுத்தமாக இருக்க வேண்டும், யார் தொடலாம் என்று கட்டுப்பாட்டின் கதையாக அது வரும். உங்கள் கைநூலில் உள்ள எந்தப் பாடத்தையும்விட அது பிள்ளைகளுக்கு நெருக்கமானது. குடும்பம் வேறு மதத்துக்கு மாறியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்த அமர்வு சங்கடம் தரலாம். முன்கூட்டியே தாயிடம் கேட்டுவிடுங்கள்.

11. காலமும் இடமும்

கரைவலை மும்முரமான மாதங்களில் பெடியள் வரமாட்டார்கள். வடகீழ்ப் பருவமழையில் பாதையும் வெள்ளமும் மறிக்கும். கதிர்காம யாத்திரைக் காலம், வெருகல் திருவிழா, சாதாரணதரப் பரீட்சை எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு மிஞ்சுகிற கிழமைகளை எண்ணுங்கள். பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்றால் பாடசாலைக் கட்டடம் சரிவராது. அவர்கள் அந்தக் கேற்றுக்குள் வரமாட்டார்கள். வாடியோரம், கோயில் மரநிழல், பல்தேவைக் கட்டடம் எது வசதி என்று அவர்களையே கேளுங்கள்.

12. சின்னதாக நடத்திப் பார்த்தல்

எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு முதல் மூன்று அமர்வை மட்டும் நடத்துங்கள். ஊர் அக்காவும் அண்ணாவும் நடத்தட்டும், நீங்கள் பின்னால் இருந்து எங்கே பிள்ளைகள் மண்ணைக் கிளறத் தொடங்குகிறார்கள் என்று குறியுங்கள். அந்த இடம் திருத்தப்பட வேண்டும். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லம்" என்றே சொல்வார்கள். "எதைத் தூக்கி எறியலாம்?" என்று கேளுங்கள், பதில் வரும். திருத்திய எல்லாவற்றையும் எதை, ஏன் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்து வருகிறவர் அதே பிழையைத் திரும்பச் செய்யாமல் இருக்க அந்தக் கொப்பிதான் உதவும்.

13. ஏற்கெனவே பாவிக்கிற பிள்ளை

தடுப்பு அமர்வு சிகிச்சை ஆகாது. ஏற்கெனவே பாவிக்கிற பிள்ளை இருப்பது தெரிந்தால் அமர்விலிருந்து விலக்காதீர்கள், குழுவின் முன் பேசவும் வைக்காதீர்கள். தனியாக, அவன் நம்புகிற பெரியவர் ஒருவரோடு, முதலாம் படியில் குறித்த இடங்களுக்குக் கூட்டிப்போங்கள். போதை தொடர்பான ஆலோசனைக்கு 1927, மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கங்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஒருவனுக்கு மட்டும் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இரகசியம் காப்பேன் என்று சொல்லும்போதே, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் ஒருவரிடம் சொல்லுவேன் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள்.

14. அளத்தல்

சின்ன ஊரில் பெயர் எழுதாத வினாத்தாளும் இரகசியம் அல்ல, கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். நாங்கள் புளியங்கொட்டையைப் பாவிக்கிறோம். திரைக்குப் பின்னால் "ஓம்", "இல்லை" என்று இரண்டு மூடிய முட்டி. கேள்வியை ஊர் அக்கா உரத்து வாசிப்பார், பிள்ளை ஒவ்வொருவராகப் போய் ஒரு கொட்டையைப் போடுவார். எழுத வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கும் சமமான இடம் கிடைக்கிறது. ஆளுக்காள் ஒப்பிட முடியாது, குழுவின் மாற்றத்தைத்தான் பார்க்கலாம். இந்த அளவு ஊருக்கு அது போதும்.

பாவனையை மட்டும் எண்ணாதீர்கள். "கடந்த மாதம் உன்னைச் சிகரெட் வாங்க அனுப்பினார்களா?", "வீட்டில் பிரச்சினை என்றால் போக ஓர் இடம் இருக்கிறதா?" போன்ற கேள்விகளைத் தொடக்கத்திலும் முடிவிலும் கேளுங்கள். மாற்றம் முதலில் தெரிவது இங்கேதான்.

கணக்கை அலுவலகத்துக்கு அனுப்புமுன் ஊருக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில், வாய்ப்பேச்சுத் தமிழில், பெரியவர்களும் தாய்மாரும் இருக்கும் கூட்டத்தில். வெளியே போகக் கூடாது என்று அவர்கள் சொல்லும் வரியை அந்த இடத்திலேயே வெட்டுங்கள். அதே கூட்டத்தில், அடுத்த கரைவலைக் காலம் தொடங்குமுன் நடத்த வேண்டிய இரண்டு நினைவூட்டல் அமர்வுகளுக்கும் நாள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றை நடத்தப்போவது ஊர் அண்ணாவும் அக்காவும் என்பதால், சம்பளக் காசையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.